புண் வராத உடம்பு

சுவரைப் பார்க்கப் படுக்க வைத்துவிட்டுத்தான் மருந்துக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து, பையைச் சமையலறையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோது அவன் இந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தான். கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசையாத மனிதன். உதட்டில் ஈ உட்கார்ந்தால், அதுவாக மனசு வைத்து எழுந்து போனால்தான் உண்டு. அவன் எப்படித் திரும்புவான்?

அறை வாசலிலேயே நின்றாள். ஜன்னல் திரை மூடியபடிதான் இருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை சிணுங்கியபடி சுற்றிக்கொண்டிருந்தது. டெட்டால் வாசனை, மூத்திரப் பையின் வாசனை, வெயில் படாத துணிகளின் புழுங்கல் வாசனை எல்லாம் அவள் போகும்போது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. அவனுடைய இரண்டு முட்டிகளுக்கும் நடுவே மட்டும் ஒரு சின்னத் தலையணை செருகியிருந்தது. எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க வைக்கிற தலையணை. அதை அவள் வைக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டிருந்தாள்.

"யாரு வந்தா?" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. படுக்கையறையோடு ஒட்டியிருந்த குளியலறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அவளுடைய அக்காவின் கணவன். அத்தான். அந்தக் குளியலறையில்தான் அக்கா செத்தாள். வழுக்கி விழுந்தாளாம், விழுந்தவள் வாளித் தண்ணீரில் முகம் குப்புறக் கவிழ்ந்தாளாம், அவன் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்ததாம். சவக்கிடங்கில் அக்காவின் கூந்தலை ஒதுக்கியபோது பிடரியில் நான்கு நீலத் தடங்கள் வரிசையாக இருந்ததை அவள் பார்த்தாள். நர்ஸாக எத்தனையோ உடம்புகளைப் பார்த்தவள். நான்கு விரல்கள் எப்படிப் பதியும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போலீசிடம் சொன்னாள். "விழுந்தா எங்க வேணாலும் அடிபடும்மா" என்றார் அந்த அதிகாரி, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல். அத்தான் அன்று அழுத அழுகையில் வந்தவர்கள் எல்லாம் அவனைத்தான் தேற்றினார்கள்.

அக்கா உயிரோடு இருந்தபோது, அவன் அடித்து ஒவ்வொரு முறை கன்னம் வீங்கும்போதும் இவள் கிடந்து குதிப்பாள். அக்கா சிரிப்பாள். "கோபத்துல செஞ்சிட்டார். நான் மன்னிச்சிட்டேன், உனக்கென்ன?" அந்த மன்னிப்பை நினைத்தாலே இவளுக்கு வயிறு எரியும். அவனை எவ்வளவு வெறுத்தாளோ அதே அளவு அந்தச் சிரிப்பையும் வெறுத்தாள்.

அக்கா போன அடுத்த கோடையில் அதே குளியலறையில் அத்தான் விழுந்தான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. பேச்சும் போய், கண் மட்டும் மிஞ்சியது. யார் பார்த்துக்கொள்வது என்று உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளே பெட்டியோடு வந்து இறங்கினாள். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அத்தானின் தங்கை போனில் அழுதாள். "எங்க அண்ணன் மேல இருந்த கோபத்தையெல்லாம் மறந்துட்டு வந்து நிக்கிறியே. உன் மனசு யாருக்கு வரும்?"

"அதெல்லாம் பெரிய வார்த்தை அண்ணி" என்றாள் அவள்.

பெரிய மனசுதான். அவள் வந்தது அவனைக் கொல்ல. ஆனால் ஒரு விரல்கூட அவன் மேல் படாமல். அசையாத உடம்பை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும். புரட்டாவிட்டால் உடம்பின் கனமே உடம்பைத் தின்னும். இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை, எங்கெல்லாம் எலும்பு துருத்துகிறதோ அங்கெல்லாம் தோல் முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு ஒரு நாள் திறந்துகொள்ளும். அதற்குள் என்ன மருந்து வைத்தாலும் அது உள்ளே உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். படுத்த படுக்கைக்காரர்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். தன் வார்டில் ஒருவருக்கும் படுக்கைப்புண் வரவிடாதவள் என்று பேர் எடுத்தவள் அவள். வரவிடாமல் செய்யத் தெரிந்தவளுக்கு வரவழைக்கத் தெரியாதா?

வந்த அன்றே, புண் வராமலிருக்கப் போடுகிற காற்று மெத்தையின் மோட்டாரை நிறுத்தினாள். ஆள் இருக்கும்போது "அத்தான், கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோங்க" என்பாள். ஆள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு காதருகே குனிந்து, "எரியுதா? எரியட்டும். நீ இப்படியே கிடந்து அழுகு" என்பாள். மூக்குக் குழாய் வழியே பால் மட்டும் நேரத்துக்குப் போய்விடும். பட்டினியில் சீக்கிரம் போய்விடக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள்.

தலையணையைப் பிடுங்கி மறுபடி அலமாரியின் மேல் எறிந்துவிட்டு, அவனைச் சுவர்ப் பக்கமாக உருட்டினாள். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். யார் வீட்டில் எந்தக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது வரை அறிந்தவர்.

"டீச்சர், எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்கா?"

"எங்கிட்ட ஏதும்மா? ஏன், தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல, நான் கடைக்குப் போன நேரத்துல யாரோ வந்த மாதிரி இருந்துச்சு."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எப்ப வெளிய போனீங்க? உள்ள தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டேதானே இருந்துச்சு. நீங்க அவரைக் குளிப்பாட்டிட்டு இருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்."

அன்றே ஆள் வைத்துப் பூட்டை மாற்றினாள்.

பூட்டு மாறியும் ஒன்றும் மாறவில்லை. மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்தால் அவன் புரண்டிருந்தான். ஹாலில் கண்ணயர்ந்து எழுந்தால் அவன் புரண்டிருந்தான். எந்த நேரமும் குளியலறைக் கதவைப் பார்த்தபடி, முட்டிகளுக்கு நடுவே தலையணையோடு. ஒரு மாலை, சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடியபோது, பக்கத்து அறையிலிருந்து சீரான ஒரு ரீங்காரம் வந்தது. என்ன சத்தம் என்று புரிவதற்குச் சற்று நேரமாயிற்று. காற்று மெத்தையின் மோட்டார். ஓடி வந்து பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மெத்தை ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் அமிழ்ந்து, அவனை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

அன்று அவனுடைய சட்டையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தாள். இந்நேரம் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். ஒரு சிவப்புகூட இல்லை. தோல் பளபளவென்று இருந்தது. பவுடர் போட்டிருந்தது. குனிந்து முகர்ந்தபோது சோப்பு வாசனை அடித்தது. அந்தச் சோப்பை அவள் வாங்குவதில்லை. சிவப்பாக, செங்கல் கனத்தில், மூக்கைத் துளைக்கிற அந்தச் சோப்பை அக்காதான் போட்டுக் குளிப்பாள். அக்காவைக் கட்டிக்கொண்டு தூங்கிய காலத்திலிருந்து அந்த வாசனை இவளுக்குத் தெரியும்.

டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பயம் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது ஆத்திரம். பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைக் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"செத்தும் இவனுக்கு வேலை செய்யறியா? வெக்கமா இல்ல உனக்கு? உன்னை என்ன பண்ணான்னு மறந்துட்டியா? நீ மன்னிச்சு மன்னிச்சுத்தானே இவன் கை நீண்டுச்சு. நான் மன்னிக்க மாட்டேன். கேக்குதா?"

குளியலறைக்குள் குழாய் ஒரு முறை சொட்டியது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் அவனைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒரு புண் கிடையாது. இப்படிப் பாத்துக்கிட்டா இன்னும் பல வருஷம் இருப்பார். உங்க கைராசி சிஸ்டர்." அதைக் கேட்டபோது அத்தானின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. "பாருங்க, நன்றியில அழறார்" என்றார் டாக்டர். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அந்த நன்றி யாருக்கு என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே வீடு இருண்டுவிட்டது. ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் அடித்துத் தெறிக்கிற சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. அவள் பால் குழாயைச் சரிசெய்ய வந்தாள். அவன் தலையைத் தூக்கினாள். தலையணை சொதசொதவென்று நனைந்திருந்தது.

வியர்வை என்று நினைத்தாள். அவன் தலைமுடியில் கையை வைத்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே பார்த்தாள். கூரையில் ஒழுகல் இல்லை. கழுத்துக்குக் கீழே சட்டை காய்ந்திருந்தது. தலை மட்டும். மூக்கில் நுரை. இமைகள் வீங்கியிருந்தன. மூச்சு உள்ளே களகளத்தது. தண்ணீரில் மூழ்கித் தூக்கி வந்தவர்களிடம் அவள் கேட்டிருக்கிற களகளப்பு.

அவள் கை தானாக அவன் பிடரிக்குப் போனது. முடியை ஒதுக்கினாள். சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டாள்.

நான்கு தடங்கள். நீலமாக. வரிசையாக. அவற்றின் கீழே பழையவை மஞ்சளாக. அவற்றுக்கும் கீழே இன்னும் பழையவை.

அவள் கட்டிலைச் சுற்றி வந்து அவன் முகத்துக்கு நேரே மண்டியிட்டாள். ஆஸ்பத்திரியில் பேச்சு போனவர்களிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கேக்கறதுக்குக் கண்ணால பதில் சொல்லு. ஆமான்னா ஒரு தடவை மூடு. இல்லன்னா ரெண்டு தடவை. புரியுதா?"

ஒரு முறை மூடித் திறந்தான்.

"அக்கா வர்றாளா?"

ஒரு முறை.

"அவதான் உன்னைப் புரட்டிப் போடறாளா? துடைச்சு விடறாளா?"

ஒரு முறை.

"தண்ணியில அமுக்கறதும் அவதானா?"

கண் மூடியது. வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது வெள்ளை விழி முழுக்கச் சிவந்திருந்தது.

"ஒரு நாளைக்கு ஒரு தடவையா?"

இரண்டு முறை.

"பின்ன எத்தனை தடவை?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். மூடித் திறந்தான். மூடித் திறந்தான். அவள் காத்திருந்தாள். அவன் நிறுத்தவில்லை. மழை வலுத்தது. அவன் இன்னும் மூடித் திறந்துகொண்டேயிருந்தான்.

இத்தனை நாளும் எதைப் பாசம் என்று நினைத்துப் பொருமினாள்? தலையணை, பவுடர், மோட்டார், புண் வராத தோல். உடம்பு கெட்டால் ஆள் செத்துத் தப்பித்துவிடுவான். நாளைக்கும் அமுக்க வேண்டும், மறுநாளும் அமுக்க வேண்டும், அதற்கு உடம்பு வேண்டும். அக்கா சிரித்துக்கொண்டே மன்னித்தபோது அடக்கிய கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் யோசித்ததில்லை. இவளும் யோசித்ததில்லை. அது எங்கேயும் போகவில்லை. இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது.

முதலில் சந்தோஷப்பட முயன்றாள். நன்றாக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. அவள் ஒரு சாவுக்கு ஒரு சாவு கேட்டாள். அது நியாயம் என்று இப்போதும் நினைத்தாள். இது சாவே இல்லை. இதற்கு முடிவே இல்லை. நனைந்த முடியோடு, எச்சில் ஒழுக, அந்தக் கதவின் மேலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் கிடந்த உடம்பைப் பார்த்தபோது, வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த ஒன்று நெஞ்சை அடைத்தது. இரக்கம். அவளுக்கே பிடிக்காத இரக்கம். துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

"அத்தான்" என்றாள். அறையில் வேறு ஆள் இல்லாதபோது அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்களை இங்கேயிருந்து கூட்டிட்டுப் போயிடறேன். பயப்படாதீங்க."

போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தெருவெல்லாம் தண்ணீர் நிற்கிறது, கொஞ்சம் நேரமாகும், ஆனால் கட்டாயம் வந்துவிடுவோம் என்றார் டிரைவர். ஆஸ்பத்திரியில் நாலு பேர் இருப்பார்கள். விளக்கு இருக்கும். வலிக்கு ஊசி போடுவார்கள். போகிற உயிர் போகட்டும், நிம்மதியாகப் போகட்டும். மாற்றுச் சட்டையை எடுத்து வைத்தாள். பிறகு குளியலறைக் கதவின் முன்னே போய் நின்றாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. போதும். நான் அவரை மன்னிச்சிட்டேன். நிஜமாத்தான் சொல்றேன். நீயும் விட்டுடு."

மழை நின்றது போலிருந்தது. நிற்கவில்லை. ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

கதவுக்குப் பின்னால் வாளி நகர்ந்தது.

பிறகு ஒன்றுமில்லை. அவள் கதவைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து கட்டிலுக்கு வந்தாள். சட்டை மாற்ற வேண்டும். கையில் வேலை இருந்தால் பயம் அடங்கும். அவர் தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்துத் தன் பக்கமாக இழுத்தாள். எத்தனை ஆயிரம் உடம்புகளை இழுத்த கை. வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் வந்தார். மறுபடி அந்தப் பக்கம் போனார்.

அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

அவருடைய இடுப்புக்கடியில், அவள் விரல்களுக்கு மேலே, வேறு விரல்கள். ஈரம். சில்லென்று. தண்ணீரில் வெகுநேரம் ஊறி, தோல் சுருங்கி, நொளநொளத்த விரல்கள். சோப்பு வாசனை.

அவள் கத்தவில்லை. இழுத்தாள். "விடு அக்கா, அவர் பாவம் அக்கா" என்று சொன்னாள்.

பாவம் என்ற சொல்லில் அந்தப் பக்கத்து இழுப்பு நின்றது. விரல்கள் அவரை விட்டன. மெதுவாக, ஒவ்வொன்றாக, அவள் மணிக்கட்டைச் சுற்றின.

அழுத்தவில்லை. திருகவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தன. நாடி பார்க்கிற மாதிரி.

அவள் தலைக்குள் ஏதோ ஒன்று சூடாக உடைந்தது. வலியே இல்லை. வலது கால் மடிந்தது. தரை வந்து கன்னத்தில் மோதியது. எழ நினைத்தாள். நினைப்பு கை வரை போகவில்லை. உதட்டின் ஓரம் தொங்குவதும் எச்சில் வழிவதும் தெரிந்தன. என்ன நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பேருக்கு நடந்து பார்த்திருக்கிறாள். அக்கா என்று கூப்பிட்டாள். நாக்கு புரளவில்லை. வேறு என்னவோ சத்தம் வந்தது.

போன் தரையில் கிடந்து அடித்தது. ஆம்புலன்ஸ் டிரைவராக இருக்கும். எட்டினால் தொட்டுவிடலாம். அடித்து அடித்து நின்றது. கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் கொடுத்தது. காத்திருந்தது. மறுபடி கொடுத்தது. பிறகு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, போய்விட்டது.

கிடந்த இடத்திலிருந்து, சாய்த்து மாட்டிய சுவர்க் கண்ணாடியில், இரட்டைக் கட்டிலின் மறுபாதி தெரிந்தது. அக்கா படுக்கிற பாதி. அதில்தான் அவள் பஞ்சுச் சுருளையும் டயப்பரையும் மருந்து டப்பாக்களையும் குவித்து வைத்திருந்தாள். அவை ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. எறியவில்லை. பொறுமையாக, ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டன. அலமாரி திறந்தது. வெள்ளைப் போர்வை ஒன்று விரிந்து, காற்றில் உப்பி, மெத்தை மேல் இறங்கியது. நாலு மூலையும் உள்ளே செருகப்பட்டது. பிறகு அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு உள்ளங்கை அழுந்தி, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நகர்ந்தது. போன இடமெல்லாம் துணி ஈரமாகி, விறைத்து, வழவழப்பானது. ஒரு மடிப்பு மிஞ்சியிருந்தது. கை திரும்பி வந்தது. அதையும் நீவியது.

நாலைந்து நாளில் போய்விடுகிறவர்களுக்கு யாரும் அப்படிப் படுக்கை விரிப்பதில்லை. அது அவளுக்குத் தெரியும். துணியில் ஒரு சின்னச் சுருக்கம் இருந்தாலும் தோல் புண்ணாகிவிடும் என்று, வருஷக்கணக்கில் கிடக்கப் போகிறவர்களுக்குத்தான் அவ்வளவு பார்த்துப் பார்த்து விரிப்பார்கள்.